ஜீரோ டர்ன் புல்வெட்டியில் தேய்ந்த ஸ்பிண்டில் பேரிங்குகளை மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மதுரையைச் சுற்றியுள்ள கல்லூரி வளாகங்கள், கிரிக்கெட் திடல்கள், தங்கும் விடுதிகள் ஆகியவற்றில் ஓடும் புல்வெட்டிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. நின்ற இடத்திலேயே திரும்பும் ஜீரோ டர்ன் இயந்திரத்தின் டெக்கில் (பிளேடுகளை மூடியிருக்கும் அடிப்பகுதி) பேரிங் மாற்ற முதன்முறை இறங்குகிறவர்களைப் பல இடங்களில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கழற்றும் வேலையை எல்லோருமே எப்படியோ முடித்துவிடுகிறார்கள். பொருத்தும்போதுதான், சுத்தியலின் அடி பேரிங்கின் எந்த வளையத்தில் விழுகிறது என்பதைக் கவனியாமல் விட்டு, ஒரு மாதத்துக்குள் அதே சத்தத்தோடு அதே இயந்திரத்தை மீண்டும் பிரிக்கிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் பொருத்தும் பகுதி நீளமாகவும் மற்றவை சுருக்கமாகவும் இருக்கும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் புல் வளரும் வேகத்தில் இயந்திரத்துக்கு ஓய்வு கிடைக்காது. புரட்டாசி முடிவதற்குள் இந்த வேலையை வைத்துக்கொள்வது நல்லது.

1. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் உறுதிசெய்யுங்கள்

டெக்கில் சத்தம் வந்தாலே, பிளேடைத் தாங்கிச் சுற்றும் ஸ்பிண்டில்தான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் ஐட்லர் புல்லியிலும் பேரிங் உண்டு. அது தேய்ந்தாலும் இதே கீச்சொலிதான் வரும். எஞ்சின் ஓடி, பிளேடு நின்றிருக்கும்போது கேட்கும் சத்தம் பிளேடை ஓடவிட்டதும் மறைந்தால், அது பெரும்பாலும் பிளேடுகளை எஞ்சினோடு இணைத்துவிடும் மின்கிளட்சின் பேரிங்காக இருக்கும். டெக்கைப் பிரித்துப் பயனில்லை.

எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, 3ஆம் பகுதியில் சொல்லியிருப்பதுபோல இயந்திரத்தை முடக்கிய பிறகு, 4ஆம் பகுதியில் உள்ளபடி படம் எடுத்துக்கொண்டு டெக் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு ஸ்பிண்டிலையும் ஐட்லரையும் கையால் சுற்றிப் பாருங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பம்பரம்போல வெகுநேரம் சுற்றும் ஸ்பிண்டிலை நல்லது என்றும், இரண்டு சுற்றில் நின்றுவிடுவதைக் கெட்டது என்றும் புதியவர்கள் நினைக்கிறார்கள். நல்ல நிலையில் உள்ள, சீல் போட்ட பேரிங்கில் கிரீஸும் ரப்பர் உதடும் லேசாகப் பிடிக்கும். சத்தமில்லாமல் சுற்றிச் சீக்கிரம் நிற்கும். கிரீஸ் வற்றிப்போனதுதான் வெகுநேரம் சுற்றும். ஒரு கையால் சுற்றிக்கொண்டே மறு கையை ஹவுசிங் (தண்டையும் பேரிங்குகளையும் தாங்கும் கூடு) மீது வையுங்கள். மணல் அரைபடுவதுபோன்ற கொரகொரப்பு காதுக்குக் கேட்பதற்கு முன் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து, தோல் கையுறை அணிந்து பிளேடின் நுனியைப் பிடித்து மேலும் கீழுமாக அசையுங்கள். பிளேடு மட்டுமல்லாமல் தண்டும் ஹவுசிங்குக்குள் ஆடினால் பேரிங் போய்விட்டது என்று பொருள்.

2. வேலைக்கு முன் கையில் இருக்கவேண்டியவை

ஜாக்கியும் இரண்டு முட்டு ஸ்டாண்டுகளும், சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச், சர்க்லிப் (பேரிங்கை இடத்தில் பிடித்துவைக்கும் வில் வளையம்) கழற்றும் பிளையர், வெர்னியர், பித்தளைக் கம்பி, உப்புத்தாள், டீசல், வேஸ்ட் பஞ்சு, துருவை இளக்கும் எண்ணெய் ஆகியவை வேண்டும். அமெரிக்கத் தயாரிப்பு இயந்திரங்களில் பல நட்டுகள் அங்குல அளவில் இருக்கும். 3/4 அங்குல நட்டுக்கு 19 மில்லிமீட்டர் சாக்கெட் கச்சிதமாக உட்காரும். 15/16 அங்குலத்துக்கு 24 போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் 9/16க்கு 15 போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும்.

பேரிங்கை அழுத்த ஒரு பிரஸ் வேண்டும். சொந்தமாக இல்லாதவர்கள் கே.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் உள்ள லேத் பட்டறைகளில் கேட்டால் அழுத்தித் தருவார்கள். ஆனால் எந்த வளையத்தில் அழுத்தவேண்டும் என்பதைப் பக்கத்தில் நின்று சொல்வது உங்கள் பொறுப்பு.

பேரிங்கை மட்டும் இப்போதே வாங்கிவிடாதீர்கள். பழையதைக் கழற்றி, தண்டை அளந்த பிறகே வாங்கவேண்டும். காரணம் 7ஆம் பகுதியில் இருக்கிறது.

3. இயந்திரத்தை முடக்கி டெக்கை இறக்குதல்

சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, ஸ்பார்க் பிளக் தொப்பிகளையும் பிடுங்கிவிடுங்கள். பெல்ட் கழன்ற பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். வளாகங்களில் ஓட்டுநர் ஒருவராகவும் பழுது பார்ப்பவர் வேறொருவராகவும் இருப்பதே வழக்கம். நீங்கள் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் மாற்றுச் சாவியோடு வருகிறவருக்கு உங்கள் கை எங்கே இருக்கப்போகிறது என்று தெரியாது.

ஒரு ஸ்பிண்டில் மட்டும் என்றால், முன்பக்கத்தைத் தூக்கி முட்டு ஸ்டாண்டில் நிறுத்தியே பல மாடல்களில் வேலையை முடிக்கலாம். மூன்றையும் மாற்றுவதானால் டெக்கை முழுதாக வெளியே எடுப்பதே நேரத்தை மிச்சப்படுத்தும்: டெக்கைக் கடைசி உயரத்துக்கு இறக்கி, கிளட்ச் புல்லியிலிருந்து பெல்ட்டை விடுவித்து, தாங்கும் பின்களை எடுத்துப் பக்கவாட்டில் இழுத்துவிடலாம். இயந்திரத்தை நட்டக்குத்தலாக நிமிர்த்தி நிறுத்தும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அப்படிச் செய்தால் எஞ்சின் ஆயில் ஏர் ஃபில்டர் வரை ஏறிவிடும். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே படுப்பது அதைவிட மோசம்.

4. பெல்ட்டும் பிளேடும்

பெல்ட்டைத் தொடுவதற்கு முன் அது செல்லும் வழியைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஸ்பிண்டில், இரண்டு ஐட்லர் உள்ள டெக்கில் பெல்ட்டின் எந்த முகம் எந்தப் புல்லியைத் தொடுகிறது என்பது மறுநாள் காலையில் நினைவில் இருக்காது. ஐட்லர் ஸ்பிரிங்கை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். கொக்கியில் கெட்டியான கயிற்றை இரட்டையாக மாட்டி இழுத்து விடுவித்தால், தவறி விட்டாலும் கையைக் கிழிக்காது.

பிளேடுக்கும் டெக்கின் சுவருக்கும் இடையே ஒரு கட்டையைச் செருகிவிட்டு பிளேடு போல்ட்டைத் தளர்த்துங்கள். பெரும்பாலான ஜீரோ டர்ன் டெக்குகளில் அது வலது மரை. சில மாடல்களில் இடது மரையும் உண்டு. கையேட்டைப் பார்க்காமல் நீளக் குழாயை மாட்டி இழுத்தால், தளர்த்துவதாக நினைத்து இறுக்கி முறித்துவிடுவீர்கள். எந்தப் பிளேடு எந்த ஸ்பிண்டிலில் இருந்தது, எந்தப் பக்கம் தரையைப் பார்த்தது என்பதைப் பெயின்டால் குறித்துவையுங்கள்.

பிளேடு கழன்றதும் பேரிங்கின் அடிச்சீலைக் குனிந்து பாருங்கள். அவனியாபுரம் பக்கம் ஒரு திடலில் கழற்றிய ஸ்பிண்டிலில், வைக்கோல் கட்டும் பிளாஸ்டிக் கயிறு பிளேடுக்கும் சீலுக்கும் நடுவே சுற்றி, சூட்டில் உருகி இறுகி, கறுப்பு வளையல்போல உட்கார்ந்திருந்தது. கத்தியால் கீறி எடுத்தபோது சீலின் ரப்பர் உதடும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த வழியாகச் செம்மண் உள்ளே போய்க் கிரீஸைச் செங்கல் நிறத்துக்கு மாற்றியிருந்தது. காரணத்தை இப்போது கண்டுபிடிக்காவிட்டால் புதிய பேரிங்குக்கும் அதே கதிதான்.

5. ஸ்பிண்டிலை டெக்கிலிருந்து எடுத்தல்

மேல் நட்டிலும் புல்லியின் நடுவிலும் முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை விட்டு வையுங்கள். புல்லி இறுகியிருந்தால் அதன் விளிம்பைக் கம்பியால் நெம்பாமல் புல்லர் என்ற இழுப்புக் கருவியைப் போட்டு எடுக்கவேண்டும். தகட்டுப் புல்லி ஒரு மில்லிமீட்டர் வளைந்தாலும் பெல்ட் துள்ளும்.

ஹவுசிங்கை டெக்கோடு பிணைக்கும் போல்ட்டுகள் பல மாடல்களில் அலுமினியத்தில் தாமே மரை வெட்டிக்கொண்டு இறங்கும் வகை. இவற்றை இம்பாக்ட் கன்னால் எடுத்தால் மரையோடு சேர்த்துப் பிய்ந்து வரும். கையால் கால் சுற்று தளர்த்தி, அரைக்கால் சுற்று திருப்பி இறுக்கி, மீண்டும் தளர்த்தி எடுங்கள்.

6. தண்டையும் பேரிங்கையும் பிரித்தல்

ஒரு சாக்கை விரித்து, கழற்றுகிற வரிசையிலேயே பாகங்களை அடுக்குங்கள். நட், வாஷர், மேல் புஷ், பேரிங், நடு ஸ்பேசர் (இரு பேரிங்குகளுக்கு இடையே நிற்கும் குழாய்த்துண்டு), பேரிங், கீழ் புஷ் என்று ஒவ்வொன்றும் எந்த முகம் மேலாக இருந்தது என்பதோடு படம் எடுத்துக்கொள்ளவேண்டும். ஒரே மாதிரித் தெரியும் இரண்டு புஷ்கள் உயரத்தில் வேறாக இருப்பதுண்டு.

தண்டை வெளியே தட்டுவதற்கு முன், மேல் நட்டைத் தண்டின் நுனியோடு சமமாக நிற்கும்படி மீண்டும் மாட்டுங்கள். அடி நட்டில் விழும்; மரை தப்பிக்கும். ஹவுசிங்கில் சர்க்லிப் இருக்கிறதா என்பதை அழுக்கைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். அழுக்குக்குள் ஒளிந்திருக்கும் சர்க்லிப்பைப் பார்க்காமல் அடித்து ஹவுசிங்கை விரிசல்விட வைத்தவர்கள் பலர்.

தண்டு வந்த பிறகு நடு ஸ்பேசரை உள்ளுக்குள் சற்றே ஒருபக்கமாகத் தள்ளினால், கீழ் பேரிங்கின் உள்வளையத்து விளிம்பு கொஞ்சம் தெரியும். அந்த இடத்தில் பித்தளைக் கம்பியை ஊன்றி, ஒரு தட்டு இந்தப் பக்கம், ஒரு தட்டு எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றித் தட்டுங்கள். ஒரே இடத்தில் அடித்தால் பேரிங் சாய்ந்து ஹவுசிங்கின் உட்சுவரைச் சுரண்டும்.

7. அளந்து பார்த்தல்

எல்லாவற்றையும் டீசலில் கழுவித் துடைத்த பிறகு, பேரிங் உட்காரும் இடத்தில் தண்டின் மீது நகத்தை ஓட்டுங்கள். நகம் எங்காவது தடுக்கினால் அல்லது அந்த இடம் நீலம் பாய்ந்திருந்தால், உள்வளையம் தண்டின் மீது வழுக்கிச் சுற்றியிருக்கிறது. பஞ்ச்சால் புள்ளி குத்தித் தண்டைப் பருக்க வைக்கும் பட்டறை வழக்கத்தை நான் ஏற்பதில்லை. அந்தப் புள்ளிகள் சில மணி நேர ஓட்டத்தில் மழுங்கிவிடும். தண்டை மாற்றுங்கள். அதேபோல், புதிய பேரிங் ஹவுசிங்குக்குள் விரலால் தள்ளினாலே இறங்கிவிட்டால் ஹவுசிங்கின் ஆயுள் முடிந்தது.

ஸ்பேசரின் இரு முனைகளும் தட்டையாக, பிசிறின்றி இருக்கவேண்டும். அதன் நீளத்தை வெர்னியரில் அளந்து எழுதிவையுங்கள். இந்தச் சாதாரணக் குழாய்த்துண்டுதான் மொத்த அமைப்பின் உயிர் என்பது 9ஆம் பகுதியில் தெரியும்.

தண்டின் விட்டத்தையும் இப்போது அளக்கவேண்டும். 6204 என்றால் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, தடிமன் 14 மில்லிமீட்டர். 6205 என்றால் 25, 52, 15. 6203 என்றால் 17, 40, 12. ஆனால் அமெரிக்க டெக்குகள் சிலவற்றில் வெளிவிட்டம் 6204இன் 47ஆகவே இருக்க, உள்விட்டம் மட்டும் முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீட்டராக இருக்கும். தேய்ந்த எழுத்தில் 6204 என்பதை மட்டும் படித்துவிட்டுக் கடைக்குப் போனால் 20 மில்லிமீட்டர் பேரிங்தான் கிடைக்கும். ஹவுசிங்கில் அழகாக உட்காரும்; தண்டில் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் ஆடும். அதைத் தகரம் சுற்றிச் சரிக்கட்டியவர்களை அறிவேன். அந்தத் தகரம் இரண்டாவது வெட்டுக்குத் தாங்கவில்லை.

8. பேரிங் வாங்குதல்

எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருக்கவேண்டும். இருபுறமும் ரப்பர் சீல் என்பது அதன் பொருள். இசட்இசட் என்று வரும் தகட்டு மூடியில் சிறு இடைவெளி இருக்கும். நம் ஊர்ப் புழுதிக்கும் புல்சாற்றுக்கும் அது போதாது. பழைய பேரிங்கில் சி3 என்று இருந்தால் புதியதிலும் இருக்கவேண்டும். அது உள்ளே சற்றுக் கூடுதல் இடைவெளி விட்டுச் செய்த வகை. ஹவுசிங்கில் இறுகி, சூட்டில் விரிந்த பிறகும் குண்டுகள் நசுங்காமல் ஓட அந்த இடைவெளி வேண்டும்.

மேலும் கீழும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். நம்பகமான விற்பனையாளரிடமே வாங்குங்கள்; பெயர்பெற்ற பெட்டிக்குள் போலி வருவது இந்தச் சந்தையில் புதிதல்ல. பொருத்தும் நிமிடம் வரை உறையைப் பிரிக்கவேண்டாம்.

9. பொருத்துதல்

பேரிங்கில் வெளிவளையம், உள்வளையம், நடுவில் குண்டுகள் என மூன்று பகுதிகள் உள்ளன. ஹவுசிங்குக்குள் இறக்கும்போது இறுக்கம் வெளிவளையத்தில் இருக்கிறது. ஆகவே அழுத்தமும் வெளிவளையத்தில்தான் விழவேண்டும். தண்டில் ஏற்றும்போது இறுக்கம் உள்வளையத்தில், அழுத்தமும் அங்கேயே. இதை மாற்றிச் செய்தால் முழு விசையும் குண்டுகளின் வழியாகப் பாய்ந்து, அவை ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத குழிகளை உண்டாக்கும். அப்படிக் கெட்ட பேரிங்கை விரலில் மாட்டி மெதுவாகச் சுற்றினால், ஒவ்வொரு குழியிலும் குண்டு விழுந்து ஏறுவது சின்னச் சின்னத் தடுக்கல்களாகத் தெரியும்.

ஹவுசிங்கைச் சூடாக்கினால் சுத்தியலே தேவைப்படாது. அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். 52 மில்லிமீட்டர் துளையுள்ள அலுமினிய ஹவுசிங்கின் சூட்டை 60 டிகிரி செல்சியஸ் ஏற்றினால் துளை சுமார் 0.07 மில்லிமீட்டர் அகலும். பேரிங் வழுக்கி இறங்க அது போதும். மின்சார அடுப்பின் மீது வைத்து, ஒரு துளி நீரைத் தெளித்தால் சீறத் தொடங்கும்போது அடுப்பை அணைத்துவிடலாம். பேரிங்கைப் பிளாஸ்டிக் உறையோடு ஒரு மணி நேரம் ஃபிரீசரில் வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் விளக்கால் பேரிங்கையே சூடாக்குவது கூடாது. சீலும் கிரீஸும் கருகிவிடும்.

வரிசை இதுதான். முதல் பேரிங்கை, வெளிவளையத்தின் அளவுக்குப் பொருந்தும் சாக்கெட்டையோ பழைய பேரிங்கின் வெளிவளையத்தையோ வைத்து, ஹவுசிங்கின் படியில் முட்டும்வரை இறக்குங்கள். நன்றாக முட்டியதும் தட்டும் ஒலி மாறும். மந்தமான ஒலி போய்க் கணீரென்று கேட்கும். சர்க்லிப் இருந்தால் இப்போது போடுங்கள். ஹவுசிங்கைத் திருப்பி நடு ஸ்பேசரை உள்ளே நிறுத்துங்கள். பிறகு, ஹவுசிங்கைக் கீழிருந்து தாங்கிக்கொண்டு, இரண்டாவது பேரிங்கை இரு வளையங்களையும் ஒருசேரத் தொடும் தட்டையான தகட்டால் அழுத்துங்கள். அதன் உள்வளையம் ஸ்பேசரைத் தொட்டவுடன் நிறுத்திவிடவேண்டும். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று அழுத்தினால், இரண்டு பேரிங்குகளும் ஒன்றையொன்று பக்கவாட்டில் நெருக்கிக்கொண்டு ஓடும்.

கடைசியாகத் தண்டு. தண்டு எந்தப் பக்கமாக நுழைகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்துப் பேரிங்கின் உள்வளையத்தைக் குழாயால் தாங்கிக்கொண்டு அழுத்துங்கள். ஹவுசிங்கைத் தாங்கிக்கொண்டு தண்டை அழுத்துவதுதான் லேத் பட்டறைகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு. பார்க்க வசதியாக இருக்கும். ஆனால் விசை உள்வளையத்திலிருந்து குண்டுகளைத் தாண்டித்தான் ஹவுசிங்குக்குப் போகும்.

ஸ்பேசரை மறப்பது பற்றி என் அனுபவத்தையே சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஸ்பிண்டிலைப் பூட்டி மேல் நட்டை இறுக்கியபோது தண்டு அப்படியே நின்றுவிட்டது. நட்டை அரைச் சுற்று தளர்த்தினேன், சுற்றியது. புதிய பேரிங் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அனுப்பிவைத்தேன். சாயங்காலம் பட்டறையைப் பெருக்கும்போது அந்தக் குழாய்த்துண்டு மேசைக்கு அடியில் கிடந்தது. நட்டை இறுக்கும் விசை உள்வளையம், ஸ்பேசர், உள்வளையம் என்று நேராகப் போகவேண்டும். ஸ்பேசர் இல்லாவிட்டால் இரண்டு உள்வளையங்களும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கப்பட்டுக் குண்டுகளை நசுக்கும். நட்டைத் தளர்த்தினால்தான் சுற்றுகிறது என்றால், ஸ்பேசர் இல்லை அல்லது நீளம் குறைந்திருக்கிறது என்று பொருள். மறுநாளே போய் அந்த இரண்டு பேரிங்குகளையும் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன்.

10. கிரீஸ் நிப்பிள் இருந்தால்

ஹவுசிங்கில் நிப்பிள் இருந்தும், இருபுறமும் சீல் போட்ட பேரிங்கை மாட்டினால், நீங்கள் அடிக்கும் கிரீஸ் பேரிங்குக்குள் போகாது, நடுக்குழியில் தங்கும். வேகமாக அடித்தால் அந்த அழுத்தம் சீலையே வெளியே தள்ளிவிடும். சில தயாரிப்பாளர்கள் உட்புறச் சீல் இல்லாத பேரிங்கையே பொருத்துகிறார்கள். அப்போது சீல் உள்ள முகம் வெளியே பார்க்கவேண்டும். பழைய பேரிங் எப்படி இருந்ததோ அதையே பின்பற்றுங்கள்.

11. மீண்டும் மாட்டுதல்

டெக்கில் ஹவுசிங் உட்காரும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். காய்ந்த புல் ஒரு விளிம்பில் மட்டும் சிக்கியிருந்தாலும் ஸ்பிண்டில் சாய்ந்து நிற்கும். சாய்வு பிளேடின் நுனியில் பல மடங்காகும். போல்ட்டுகளை எல்லாம் கையால் ஓட்டிவிட்டு, எதிரெதிராக இறுக்குங்கள். பழைய மரையிலேயே போல்ட் ஏறுகிறதா என்று விரலால் உணர்ந்த பிறகே ஸ்பானரை எடுங்கள்.

பிளேடின் வளைந்த இறக்கை டெக்கைப் பார்க்கவேண்டும். தலைகீழாக மாட்டிவிட்டுப் புல் வெட்டவில்லை என்று அழைப்பவர்கள் வருடத்துக்கு ஒருவராவது உண்டு. சாணை பிடித்த பிளேடை ஆணியில் மாட்டிச் சமநிலை பார்த்த பிறகே பொருத்துங்கள். ஒருபக்கம் கனத்த பிளேடு எந்தப் பேரிங்கையும் விட்டுவைக்காது. மேல் நட்டையும் பிளேடு போல்ட்டையும் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். இந்த அளவு மாடலுக்கு மாடல் மாறும்; அடுத்த வளாகத்து இயந்திரத்தின் அளவை இதற்குப் போடவேண்டாம்.

12. சோதனை ஓட்டம்

பெல்ட்டை மாட்டும் முன் பிளேடின் ஒரு நுனியிலிருந்து தரைக்கு உள்ள உயரத்தை அளந்து, அரைச் சுற்று திருப்பி, மறு நுனி அதே இடத்துக்கு வந்ததும் மீண்டும் அளங்கள். வித்தியாசம் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் பிளேடு வளைந்திருக்கிறது. வேறு பிளேடு போட்டும் அப்படியே இருந்தால் தண்டு வளைந்திருக்கிறது. 53 சென்டிமீட்டர் பிளேடு நிமிடத்துக்கு 3,300 சுற்று சுற்றினால் நுனியின் வேகம் மணிக்கு சுமார் 330 கிலோமீட்டர். அந்த வேகத்தில் இது சிறிய விஷயமாக இருக்காது.

பெல்ட்டைப் படத்தோடு ஒப்பிட்டு மாட்டி, டெக்கைக் கட்டி, பேட்டரியையும் பிளக் தொப்பிகளையும் இணைத்த பிறகு, புல் இல்லாத, கல் இல்லாத இடத்தில் அரை வேகத்தில் ஐந்து நிமிடம் பிளேடை ஓடவிடுங்கள். அருகில் யாரும் நிற்கக்கூடாது. பிறகு எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, பிளேடு முழுவதும் நின்ற பின் மூன்று ஹவுசிங்குகளையும் தொட்டுப் பாருங்கள். மூன்றும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் கைவைக்க முடியாமல் சுட்டால் அதைப் பிரித்து, ஸ்பேசரிலிருந்து தொடங்குங்கள்.

முதல் இரண்டு மூன்று மணி நேர வெட்டுக்குப் பிறகு ஹவுசிங் போல்ட்டுகளையும் பிளேடு போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். டெக்கைக் கழுவுகிறவரிடம், அழுத்த நீரைச் சீலை நோக்கிப் பீய்ச்சவேண்டாம் என்றும், பிளேடுக்கு மேலே சுற்றியிருக்கும் கயிற்றை அன்றன்றே அறுத்துவிடவேண்டும் என்றும் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.